கொழும்பைவிடத் திருச்சி பக்கம்

இலங்கையின் பழைய விமான நிறுவனமான ஏர் சிலோன் பற்றிப் பேச்சு வந்தால் விமான ஆர்வலர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஆஸ்திரேலியக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லண்டனுக்குப் பறந்தது, அப்புறம் டச்சுக்காரர்களோடு பறந்தது, அதற்கப்புறம் பிரிட்டிஷ்காரர்கள், கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள். கையைப் பிடித்து நடத்த யாராவது இல்லாமல் அதனால் நிற்கவே முடியவில்லை, நஷ்டம் ஏறிக்கொண்டே போனது, 1979-இல் அதை ஒதுக்கிவிட்டு ஏர் லங்கா வந்தது. அவ்வளவுதான் கதை. விமானத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் இதே தீர்ப்பைத்தான் என்னிடம் சொன்னார்: "அது மூட வேண்டிய கம்பெனி, மூடினார்கள். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?" அன்றைக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. லண்டனை வைத்து அளந்தால் அவர் சொல்வது சரி. எதற்காக லண்டனை வைத்து அளக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நான் இருப்பது திருச்சியில், புதுக்கோட்டை சாலைப் பக்கம். விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் இறங்கும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு என்று சத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். 2025 மார்ச் கடைசியில் இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ ஒரு ஏடிஆர் விமானத்தை, சின்னப் புரொபெல்லர் விமானம் அது, விட ஆரம்பித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பலரும் பேசியதைக் கேட்டபோது வருத்தமாகவும் இருந்தது. ஏர் சிலோன் என்ற பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. என் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவில் முப்பது வருடம் ஓடிய ஒரு பாதையை இரண்டு பக்கத்துக்காரர்களும் மறந்துபோயிருந்தோம்.

வரைபடத்தை எடுத்து, யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலியில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். அங்கிருந்து கொழும்புக்குத் தெற்கே இருக்கும் இரத்மலானை விமான நிலையம் வான்வழியாக ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சென்னை மீனம்பாக்கம் ஏறத்தாழ 355. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திருச்சியோ 185 கிலோமீட்டர்கூட வராது. அதாவது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்குத் தன் நாட்டுத் தலைநகரைவிடத் திருச்சி ஏறக்குறைய பாதித் தூரத்தில் இருக்கிறது. இதை முதன்முதலில் அளந்து பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யவில்லை. ஏர் சிலோனை ஆரம்பித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று அதன் முதல் சேவை இரத்மலானையில் கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கி அங்கிருந்து சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அட்டவணையில் காங்கேசன்துறை என்று போட்டிருந்தது பலாலிதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டு வைத்த ஓடுபாதை. ஆக, அந்தக் கம்பெனி பிறந்த அன்றே அதன் உருவம் வரைந்தாயிற்று: கொழும்பு, யாழ்ப்பாணம், தமிழ்நாடு. மூன்று ஊர்களைக் கோத்த ஒரு கோடு.

டகோட்டாவும் அவ்ரோவும்

முதலில் இருந்தவை மூன்று டக்ளஸ் டிசி-3 விமானங்கள். டகோட்டா என்பதும் இதுதான். லங்கா தேவி, சீதா தேவி, விகாரமகா தேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் மலிவாகக் கிடைத்த ரகம் அது. முப்பது பேருக்குள்தான் ஏறலாம். மேலே போனால் காற்றுக்குக் குலுங்கும், கேபினில் அழுத்தக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் மேகத்துக்கு மேலே ஏறிப் போகவும் முடியாது. ஆனால் மண் ஓடுபாதையிலும் இறங்கும், எந்த மெக்கானிக்கும் திறந்து சரிசெய்துவிடலாம். பாக் நீரிணையைத் தாண்ட இதைவிடப் பெரிதாக ஒன்று தேவையே இல்லை. கொழும்பில் கிளம்பி யாழ்ப்பாணம், திருச்சி போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். விமானிக்கு வெளியூரில் ராத்தங்கல் இல்லை, வெளியூரில் உதிரிபாகம் வைத்திருக்க வேண்டியதில்லை, ஏதாவது பழுதானால் மறுநாள் காலை சொந்தப் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். சின்னக் கம்பெனிக்கு இதுதான் பிழைக்கும் வழி. உள்நாட்டிலும் திருகோணமலை, அம்பாறைப் பக்கம் கல்லோயா என்று இதே விமானங்கள் போய் வந்தன. விபத்து இல்லாமல் இல்லை. 1949 டிசம்பர் 21 அன்று ஒரு டிசி-3 எங்கள் திருச்சியிலேயே இறங்கும்போது மறுபடி பறக்க முடியாத அளவுக்குச் சேதமானது. உள்ளே இருந்த எல்லோரும் உயிர் தப்பினார்கள். இந்த ஊர்க்காரனாக இருந்தும் இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அந்த விமானத்தில் பயணம் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பலாலிக்குப் பக்கத்து மயிலிட்டிக்காரர், இலங்கை அரசாங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், 1990-க்குப் பிறகு குடும்பத்தோடு வந்து திருச்சியிலேயே தங்கிவிட்டார். எண்பதைத் தாண்டியவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஐயா'தான். அக்காவின் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்கப் பெரியவர்களோடு அவர் வந்தது 1960-களின் தொடக்கத்தில். பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கி, அன்றைக்கே பஸ் பிடித்துக் கும்பகோணம் போய்ச் சேலை எடுத்து, அப்படியே சிதம்பரத்தில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இதை அவர் ஒரு பெரிய வெளிநாட்டுப் பயணமாகச் சொல்லவே மாட்டார். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வந்த கணக்கில்தான் சொல்வார். அவரிடம் நான் விரும்பிக் கேட்டது விமானத்துக்குள் எப்படி இருந்தது என்பதை. டிசி-3-க்கு வாலில் சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு மேலேயும் வால் கீழேயுமாகச் சாய்ந்துதான் நிற்கும். கதவு பின்பக்கம். "உள்ள காலை வைச்சா தளம் மேல்நோக்கிப் போகும் தம்பி. முன்னுக்குச் சீற் எண்டா சீற்றுகளைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறித்தான் போக வேணும். அம்மாவுக்குச் சீலை தடக்கும், நான் பின்னால நிண்டு பிடிச்சுக்கொண்டு வந்தனான். ஓடத் தொடங்கி வால் எழும்பினாப் பிறகுதான் எல்லாம் மட்டமாகும்." ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்ததாகவும், கடல் முடிந்ததும் கோடியக்கரைப் பக்கத்து உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிந்ததாகவும் சொல்வார். கடலைத் தாண்டியது தெரிவதற்குள் தாண்டியாகிவிடும்.

1964-இல் ஹாக்கர் சிட்லி 748 வந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு அதன் பெயர் அவ்ரோ. நம் பக்கத்திலும் அதே பெயர்தான், ஏனென்றால் கான்பூரில் இந்திய அரசின் எச்.ஏ.எல் தொழிற்சாலை அதே விமானத்தைச் செய்து இந்தியன் ஏர்லைன்சுக்குக் கொடுத்தது. ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின் இரண்டு, காதைத் துளைக்கும் கீச்சுச் சத்தம், கேபினில் அழுத்தக் கட்டுப்பாடு, மூக்குச் சக்கரம் இருப்பதால் தளமும் மட்டம். இதெல்லாம் இருந்தும் நீளம் குறைந்த ஓடுபாதையில் ஏறி இறங்கும்படியாகவே அதை வடிவமைத்திருந்தார்கள். டகோட்டாவுக்கு மாற்றாக என்றே வடிவமைக்கப்பட்ட விமானம் அது. அதே 1964 டிசம்பரில்தான் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. தலைமன்னாருக்கு ஓடிய கப்பல் தனுஷ்கோடியை விட்டு இராமேஸ்வரத்துக்கு மாறியது. ரயிலும் கப்பலுமாகப் போகிற பழைய பாதை நொண்டியடிக்க ஆரம்பித்த அதே நேரத்தில் பலாலிக்கு நல்ல விமானம் ஒன்று கிடைத்திருந்தது. சரியான விமானம், சரியான தூரம், தேவைப்படுகிற ஜனங்கள். ஒரு வட்டார விமான சேவைக்கு இதைவிடப் பொருத்தம் அமையாது.

லண்டன் ஆசை

பிறகு ஏன் விழுந்தது? கம்பெனியின் மனசு வேறு பக்கம் இருந்தது என்பது என் கருத்து. பிறந்து இரண்டு வருடத்துக்குள்ளேயே ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் கூட்டாளியாக வந்தது. லக்சபான, ரத்மலான என்று பெயர் சூட்டிய இரண்டு டிசி-4 விமானங்கள் ஒரு பக்கம் லண்டனுக்கும் இன்னொரு பக்கம் சிட்னிக்கும் போயின. சில வருடத்தில் அது நின்றது. 1950-களின் நடுவில் டச்சுக் கம்பெனியான கேஎல்எம் வந்தது, கான்ஸ்டலேஷன் விமானங்கள் வந்தன. 1962-இல் பிரிட்டிஷ் பிஓஏசி, அதன் காமெட் ஜெட், பின்னால் விசி-10. 1972-இல் பிரெஞ்சு யூடிஏ, அதன் டிசி-8. பட்டியலைப் படிக்க ஜோராக இருக்கும், அந்தக் காலத்து அழகான விமானங்கள் எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. ஆனால் பெரும்பாலான வருடங்களில் அந்த விமானங்கள் கூட்டாளியுடையவை, விமானிகளும் கூட்டாளியின் ஆட்கள். ஏர் சிலோனுக்கு மிஞ்சியது டிக்கெட்டில் பெயரும் சேவை எண்ணும்.

ஒன்றிரண்டு விமானத்தை வைத்துக்கொண்டு தொலைதூரம் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலாலியில் ஒரு அவ்ரோ பழுதாகி நின்றால் அன்றைய பயணிகளை மறுநாள் அனுப்பலாம். லண்டனில் ஒரு ஜெட் பழுதாகி நின்றால் அந்த வாரத்து அட்டவணையே சரிந்துவிடும். அங்கே தங்க வைத்த பயணிகளுக்கு ஓட்டல், விமானிகளுக்கு ஓட்டல், நிறுத்துவதற்கு வாடகை, உதிரிபாகத்துக்கு அந்நியச் செலாவணி. இலங்கையில் 1970-களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சொந்தமாக வாங்கிய முதல் ஜெட் ஒரே ஒரு டிரைடென்ட், 1969-இல். பிரிட்டனின் பிஇஏ நிறுவனத்தின் ஐரோப்பியத் தேவைக்கென்று வடிவமைத்த ரகம், மூன்று எஞ்சின், நீண்ட ஓடுபாதை கேட்கும். அதைத் தனியாக ஒன்று வைத்திருப்பது என்றால் அதற்கென்று தனி விமானிகள், தனி மெக்கானிக்குகள், தனி உதிரிபாகக் கிடங்கு. அது பட்டறைக்குள் போகிற நாளில் அதன் இடத்தில் விட வேறொன்று கிடையாது. இதே பணத்துக்கு இன்னும் இரண்டு அவ்ரோ வாங்கியிருந்தால் திருச்சி, மதுரை, சென்னை, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஒரு வலையே பின்னியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாட்டுக்குத் தன் கொடி லண்டனில் இறங்க வேண்டும் என்ற ஆசை இருந்ததும் புரிகிறது. அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆசைக்கான விலையை எந்த வழித்தடம் கொடுத்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

1978 செப்டம்பர் 7

அன்றைக்கு இலங்கையின் புது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே இரத்மலானையில் தரையில் நின்றிருந்த ஏர் சிலோன் அவ்ரோ ஒன்று குண்டு வெடித்து எரிந்துபோனது. பயணிகள் யாரும் உள்ளே இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. விடுதலைப் புலிகளின் ஆரம்பகாலத் தாக்குதல்களில் ஒன்றாக அது பதிவாகியிருக்கிறது. 1964-இல் வந்த அதே விமானம்தான் அது. வடக்குக்குப் போய் வந்துகொண்டிருந்த விமானம். இதைப் பற்றி அரசியலாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது அந்த விமானத்தை. அரசுக்கு அது ஒரு பழைய புரொபெல்லர் விமானம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது திருச்சிக்கும் கொழும்புக்கும் போகிற வண்டி. எரிந்ததில் யாருடைய பொருள் எரிந்தது என்று யோசித்தால் எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஏர் லங்கா பறக்க ஆரம்பித்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடமிருந்து குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707. மேலாண்மை உதவியும் சிங்கப்பூரிடமிருந்தே. இங்கேதான் என் நண்பரின் தீர்ப்போடு நான் முழுசாக முரண்படுகிறேன். ஏர் சிலோனில் நஷ்டம் தந்தது தொலைதூரப் பகுதி என்பது என் கணிப்பு. மூடும்போது அந்தப் பகுதியைத்தான் புதுப் பெயரில், புது விமானத்தில், புதுப் பணத்தில் திரும்பக் கட்டினார்கள். பலாலி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த சின்னக் கோடு அந்தப் பழைய கணக்கோடு சேர்த்து மூடப்பட்டது. அதைத் தனியாக எடுத்து, இது ஓடுகிறதா, இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்று உட்கார்ந்து யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏர் லங்கா திருச்சிக்கு வந்தது, வாரிசான ஸ்ரீலங்கன் இன்றைக்கும் வருகிறது. ஆனால் கொழும்புக்கு வடக்கே இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மட்டும். இதற்கு என்ன அர்த்தம்? யாழ்ப்பாணத்தில் இருப்பவர் வான்வழியில் 185 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருச்சிக்கு வர, முதலில் 350 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே சாலையில் போய், அங்கே விமானம் ஏறித் தன் ஊர் இருக்கும் வடக்கை நோக்கியே திரும்பப் பறந்து வர வேண்டும். போர் தொடங்கிய பிறகு அந்தச் சாலைப் பயணமும் நினைத்தபோது செய்யக்கூடியதாக இல்லை. இராமேஸ்வரம் கப்பலும் 1980-களின் தொடக்கத்தில் நின்றுபோனது.

போர்க்காலத்தில் பலாலி–இரத்மலானை மட்டும் விட்டு விட்டு ஓடியது. அதை ஓட்டிய தனியார் கம்பெனிகளில் ஒன்று லயன் ஏர். சோவியத் தயாரிப்பான அன்டனோவ் விமானங்கள். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியில் கிளம்பிய ஒரு அன்டனோவ்-24 மன்னாருக்கு வடக்கே கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். பல வருடம் கழித்து, 2012-இல்தான் இரணைதீவுப் பக்கம் கடலடியில் சிதைவுகள் கிடைத்தன. அங்கே எடுத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்து உறவினர்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஐயாவுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் அந்த விமானத்தில் இருந்தார். அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவருடைய மகள்தான் சொன்னார்.

ஓடுபாதை யாருடைய காணியில்

2019 அக்டோபர் 17 அன்று பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் ஏடிஆர்-72 ஒன்று போய் இறங்கியது. 41 வருடத்துக்குப் பிறகு என்று செய்திகளில் எழுதினார்கள். ஒழுங்கான சேவை நவம்பரில் தொடங்கி, கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து சேர்ந்துகொண்டது, அடுத்த மார்ச்சில் திருச்சியிலிருந்தும். இதற்கு நடுவில் 2023-இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் ஓடத் தொடங்கியது.

ஆர்வலர்கள் நடுவில் இது தொடங்கிய நாளிலிருந்தே ஒரு பேச்சு உண்டு. ஓடுபாதையை நீட்ட வேண்டும், ஏர்பஸ் 320 இறங்க வேண்டும், லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் தமிழர்கள் நேராக வந்து இறங்கும்படி பெரிய விமான நிலையமாக வேண்டும். நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். திருச்சிச் சேவை தொடங்கிய வாரம் அந்த உற்சாகத்தில் ஐயா வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வரைபடத்தைப் போனில் காட்டினேன். ஓடுபாதையை இந்தப் பக்கம் இவ்வளவு நீட்டினால் போதும் ஐயா, ஜெட் வந்துவிடும் என்று விரலால் கோடு இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஓடுபாதையை அவர் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வடக்கே கடலோரமாக விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இதில ஒரு கிணறு இருந்தது" என்றார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, நீங்கள் சந்தோசமாச் சொல்லுறீங்கள், எனக்கும் சந்தோசம்தான். ஆனா ஓடுபாதை நீளுறதெண்டா வானத்திலயா நீளும்? எங்கட காணியிலதானே நீளும்."

பலாலியும் மயிலிட்டியும் இருக்கும் வலிகாமம் வடக்கில் நடந்தது தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1990-இல் அங்கிருந்து ஜனங்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். பலாலியைச் சுற்றி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி விழுந்தது. போர் முடிந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விடுவிக்கப்பட்டாலும் எல்லோருக்கும் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடவில்லை. மயிலிட்டியும் பலாலியும் செம்மண் தோட்டமும் மீன்பிடித் துறையுமாக இருந்த ஊர்கள். அந்த மண்ணுக்கு உரிமையாளர்கள் முகாமிலும் வாடகை வீட்டிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். ஒரு விமான நிலையத்தைப் பெரிதாக்கச் சொல்லும்போது அந்த வேலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்கிறோம் என்பது வரைபடத்தில் தெரியாது. கிணறு இருந்த இடம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரி முழுக்க அவர் சொன்னதும் ஏர் சிலோனும் ஒன்றாகவே மனதில் ஓடின. பலாலி ஓடுபாதைக்கு ஜெட் வேண்டும் என்று கேட்பது, 1949-இல் மூன்று டகோட்டாக்கள் வைத்திருந்த கம்பெனியை லண்டனுக்கு அனுப்பிய அதே மனசுதான். இருக்கிற பாதையில் இருக்கிற ஜனங்களுக்கு என்ன தேவை என்று பார்க்காமல், எங்கோ தூரத்தில் இருப்பவர் கண்ணுக்கு எது பெரிதாகத் தெரியும் என்று பார்ப்பது. ஏடிஆர்-72 முழுச் சுமையோடு எழும்ப ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். எழுபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பும். திருச்சிக்கு வர ஜெட்டில் வந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிச்சம். ஒரு அங்குல நிலம்கூடப் புதிதாகக் கேட்காமல் தினம் பல முறை ஓடக்கூடிய சேவை இது. அவ்ரோ வந்தபோதே இதற்கு விடை கிடைத்திருந்தது.

திருச்சி ஏர்போர்ட்டில் அந்த விமானத்துக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் விஷயம் புரியும். மருத்துவமனைக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அம்மா, ஸ்ரீரங்கம் பிரசாதப் பையோடு ஒரு குடும்பம், கல்யாணப் பட்டு வாங்கி அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வரும் பெண்கள், எடை கூடிவிட்டது என்று பெட்டியைத் திறந்து கவுண்டருக்கு முன்னாலேயே சாமான்களைப் பிரித்துக் கைப்பைக்கு மாற்றுகிறவர்கள். இங்கே அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, அப்பா அம்மாவின் ஊரை முதல்தடவை பார்க்கப் போகிற பையன்களும் உண்டு. இவர்கள் யாருக்கும் ஏர்பஸ் தேவையில்லை. டிக்கெட் விலை குறைய வேண்டும், பெட்டிக்குக் கூடுதலாக நாலு கிலோ அனுமதிக்க வேண்டும், மாதத்துக்கு மாதம் நேரம் மாறாமல் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் என் நண்பருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இது. ஏர் சிலோனில் இரண்டு கம்பெனிகள் இருந்தன. லண்டனுக்குப் பறந்தது கூட்டாளிகளுடைய தயவில் ஓடியது, அது போனதற்கு நானும் வருத்தப்படவில்லை. இரத்மலானை, பலாலி, திருச்சி, சென்னை என்று பறந்தது சொந்தக் காலில் நின்ற கம்பெனி. அதை மூடியதற்கு ஒரு நியாயமும் இல்லை. அது ஓடிக்கொண்டிருந்திருந்தால் போரை நிறுத்தியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. போர் வந்தபோது வடக்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே வர ஒரு கதவு கூடுதலாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது வேண்டியது பலாலியில் இராத்திரி தங்குகிற ஒரு ஏடிஆர். காலையில் திருச்சி, மத்தியானம் இரத்மலானை, சாயங்காலம் திருகோணமலையோ மட்டக்களப்போ. இன்றைக்குத் திருச்சியிலிருந்து போகிற விமானம் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது, அங்கிருந்து தெற்கே போக வேண்டியவர் பெரும்பாலும் ரயிலையோ பஸ்ஸையோதான் தேட வேண்டும். கோடு பாதியில் அறுந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்து வியாபாரிகளும் திருச்சி வர்த்தகர்களும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும், டெல்லியிலும் கொழும்பிலும் கேட்க வேண்டும். கேட்கும்போது ஓடுபாதை நீளத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், அந்த வேலிக்குள் இருக்கிற காணிகளை உரியவர்களிடம் கொடுங்கள் என்று முதல் வரியாக எழுத வேண்டும். ஐயாவின் மகள் அடுத்த மாதம் பலாலிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார், காணி உறுதியின், அதாவது நிலப் பத்திரத்தின், நகலை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போவதற்காக.